ஓஸ்வால்டின் பாடத்திட்டம்

பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் தேசிகன் பதினொரு வருடமாகப் பாடம் நடத்திவந்தார். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடும் பாடம். அதில் பாதிப் பேர் தேறாமல் போகவே, 1959இல் பாடத்திட்டத்தைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். தேசிகன்தான் செயலாளர்.

பட்டறைப் பயிற்சியாளர் ஓஸ்வால்ட் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். சிவாஜிநகர்க்காரர், படிப்பு டிப்ளமோதான். பையன்கள் முதலில் பட்டறையில் இரும்புக் கம்பியை இழுத்து முறிக்கட்டும், கணக்கு பிறகு என்பது அவர் கட்சி. ஒரு நாள் அப்படி நடத்தியும் காட்டினார். தேசிகன் ஜன்னலோரம் நின்று பார்த்தார். அவர் வகுப்பில் வாயே திறக்காத கிருஷ்ணப்பா அங்கே கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். தேசிகனுக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருடத்தில் ஒருவன்கூடத் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

தட்டச்சுக்கு அனுப்புமுன் ஓஸ்வால்டின் யோசனையில் கடைசித் தாளை உருவி மேஜை டிராயரில் போட்டார். பட்டறைக்கு நேரம் ஒதுக்கும் கால அட்டவணை அதில்தான் இருந்தது.

"இத்தனை மணி நேரத்துக்கு எங்கே போறது மிஸ்டர் ஓஸ்வால்ட்?" என்று கூட்டத்தில் பிரின்சிபால் கேட்டார்.

"டைம்டேபிள் எழுதிக் குடுத்தேனே சார்!"

"எங்கிட்ட வந்தது இவ்வளவுதான்" என்றார் தேசிகன்.

ஓஸ்வால்ட் தன் பையைத் துழாவினார். "நான்தான் எங்கயோ விட்டுட்டேன் போல. மன்னிச்சிருங்க சார்."

யோசனையைத் தள்ளிவைத்தார்கள். தேசிகனுக்கு அன்று மத்தியானம் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் கிருஷ்ணப்பா எழுந்தான். "சார், முறியறதுக்கு முன்னாடி கம்பி நடுவுல மெலிஞ்சுது. அது ஏன் சார்?"

தேசிகன் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதினார். பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று ஜன்னலோரம் நின்ற தேசிகன் பார்த்தது பையனைத்தான், கம்பியை அல்ல; அந்த மெலிவை அவர் புத்தகப் படத்தில் பார்த்ததோடு சரி.

மறுநாள் தாளைப் பிரின்சிபாலிடம் நீட்டினார். "என் டிராயர்ல இருந்தது சார்."

பிரின்சிபால் தாளை வாங்கிப் புரட்டினார். "எப்படி அங்கே போச்சு?"

"நான்தான் எடுத்து வெச்சேன்."

செயலாளர் பதவி போயிற்று. விஷயம் அந்த அறையைவிட்டு வெளியே போகவில்லை; தாளைத் தேசிகன் தேடி எடுத்ததாகவே பிரின்சிபால் மற்றவர்களிடம் சொன்னார். ஜூலையில் ஓஸ்வால்டின் யோசனைப்படியே புதிய பாடத்திட்டம் அமலுக்கு வந்தது.

முதல் நாள் பட்டறை வாசலில் ஓஸ்வால்ட் ஓடிவந்து தேசிகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் தேடி எடுத்துக் குடுத்தீங்களாமே! ரொம்ப தேங்க்ஸ் சார்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார் தேசிகன். வரவில்லை. பட்டறைக்குள்ளிருந்து பையன்களின் ஆரவாரம் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க அவருக்கு வயிறு இன்னும் எரிந்தது.