ஏறத் தகுந்த மாதம்

"மலை யாரையும் அழைப்பதில்லை; காலம் கனிந்தவனுக்கே அது வழி விடுகிறது."

இந்த அருள்வாக்கு பிறந்தபோது, எதிரே சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் குறடும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். குழாய் தன்பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அருளியவர் காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். அங்கே அவருக்குச் 'சிகரம்' என்று பட்டப்பெயர். அவர் இதுவரை ஒரு மலையும் ஏறியதில்லை என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் மனைவிக்குத் தெரியும்.

எந்த மாதம் மலையேறலாம் என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். அவர் கண்ணை மூடுவார், காற்றின் ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார், ஒரு மாதத்தைச் சொல்வார். அவர்களும் போய்வந்து படம் காட்டி நன்றி சொல்வார்கள். மனைவி கேட்டால் மட்டும் வருஷம் முழுக்கப் பழுது. வெயிலில் புகைமூட்டம், ஒன்றும் தெரியாது. மழையில் பாறை வழுக்கும். மழை விட்டால் கூட்டம். குளிரில் மூச்சு வாங்கும். ஊருக்குத்தான் உபதேசம்.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே அவளுக்கு முழங்கால் தேய்ந்து போயிருந்தது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் நாள் குறித்தார். அதற்குப் பிறகு தரையில் தாராளமாக நடக்கலாம், மலை ஆசை மட்டும் வேண்டாம் என்றார்.

மருத்துவமனை வாசலிலேயே கேட்டுவிட்டாள். "ஏங்க, இப்பவாவது போயிட்டு வந்துடலாமா?"

"குளிர் இப்பத்தான் ஆரம்பிக்குது. இன்னும் கொஞ்சம் பொறுத்தா..."

"அலை ஓஞ்சப்புறம் குளிக்கலாம்ங்கிறீங்க."

துணைக்கு வந்திருந்த அவள் தம்பி சிரிக்காமல் சொன்னான். "மாமா, மலை எங்கயும் போகாது. அக்கா முட்டிதான் போயிடும். ரெண்டு டிக்கெட் நானே போட்டுடறேன்."

மைத்துனன் முன்னால் மறுத்தால் சிகரம் சரிந்துவிடுமே.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

அடிவாரத்தில் வானம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. உச்சி, கையை நீட்டினால் தொடலாம் போலத் தெரிந்தது. அவள் கடைக்குப் போட்டுப்போகும் பழைய கேன்வாஸ் செருப்போடு கிளம்பினாள். அவர் அன்றுதான் முதன்முதலாகப் புது பூட்ஸை மாட்டினார். மாட்டியதிலிருந்து தணல்மேல் நடப்பவர்போல நடந்தார். முதல் வளைவிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"கால் வீங்குது. குளிர்ல ரத்தம் பாதத்துல தேங்கிடும். நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன், இது மாசமில்லன்னு."

"நீங்க இங்கயே இருங்க. நான் மெதுவா போயிட்டு வரேன். இன்னிக்கு என்னமோ முட்டி வலிக்கவே இல்ல."

"தனியாவா? புருஷன நடுவழியில விட்டுட்டுப் போயிட்டாளேன்னு நாலு பேரு சொல்லமாட்டாங்க?"

அந்த நாலு பேர் யாரென்று அவள் கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒருவரும் கண்ணில் பட்டதில்லை. உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அதற்குள் அவர் கை அவள் தோளில் விழுந்தது, முழு உடம்பின் கனத்தோடு.

இறங்கும்போதுதான் அவள் முட்டி வலிக்க ஆரம்பித்தது. ஏறி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "திரும்பிடுங்க, பருவம் சரியில்ல" என்று ஒருவரையும் விடாமல் அவர் எச்சரித்தார். ஒருவரும் திரும்பவில்லை.

விடுதி அறையில் கட்டிலுக்குக் குறுக்கே சாய்ந்தார். "இதக் கழட்டி விடேம்மா, குனிய முடியல. அடுத்த வருஷம் நல்ல மாசமாப் பாத்து வருவோம்."

அவள் மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். ஈரமாக இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

இரண்டு பூட்ஸின் முனையிலும், கடையில் திணித்து வைத்த காகிதம் அப்படியே இருந்தது.