யாரும் கை வைக்காத மயில்

1.

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. ஆண்டுக் கடைசி விடுமுறை, எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டிலோ விருந்து. நான் இறங்கிக்கொண்டிருந்தேன். நான்காம் மாடியில் கதவு திறக்க, ஓர் அம்மா பெரிய தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். தட்டில் காய்கறி மயில். குடைமிளகாயில் கழுத்து, கேரட்டில் அலகு, வெள்ளரி வில்லைகளில் தோகை.

"கீழ்த் தளம் அமுக்குங்க, கை ஒழியல."

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

தோகையில் ஒரு வில்லைகூடக் குறையவில்லை. (இதுவரை நடந்தது. இனி வருவது என் கைச்சரக்கு.)

2.

'அதிகாலையிலேயே எழுந்து வெள்ளரிக்காயைக் கழுவி...' வேண்டாம், சமையல் குறிப்பாகிவிடும்.

'அந்தச் சகோதரிகளுக்கு நடுவே நெடுங்காலமாக ஒரு மௌனம்...' சே, தொலைக்காட்சித் தொடர்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் அக்கா, தையற்கடைக்காரர். விருந்து தங்கை வீட்டில். அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சில் வார்த்தை தடித்து, ஒரு வருடமாக முகம் பார்க்கவில்லை. தங்கைதான் இறங்கிவந்து போன் செய்தாள்.

"ஏதாவது காய் வெட்டி எடுத்துட்டு வாக்கா. நீ வெட்டினாதான் நல்லாருக்கும்."

சிறு வயதில் அக்கா வெள்ளரி நறுக்கினால் தங்கை பலகையிலிருந்தே திருடித் தின்பாள். "இருடி, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அக்கா கத்தியின் பின்பக்கத்தால் விரலில் தட்டுவார். (எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனாலும் இது இல்லாமல் என் மயில் நிற்காது.)

3.

துணி வெட்டிப் பழகிய கை. ஒவ்வொரு வில்லையும் ஒரே கனம்.* கேரட் இழைகளை ஐஸ் தண்ணீரில் சுருளவிட்டுக் கொண்டை வைத்தார். தோகைக்கு வெள்ளரி மட்டும்தான். அவளுக்குப் பிடிக்கும்.

தட்டைப் பார்த்ததும் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. நடு மேசையில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டியதும் பதறிப்போனாள்.

"ஐயோ, யாரும் கை வைக்காதீங்க! எங்கக்கா பண்ணது!"

பெருமையில்தான் சொன்னாள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சிப்ஸ் காலியானது, கேக் காலியானது. அக்கா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு கைக்காகக் காத்திருந்தார். அந்தக் கையும் பரபரத்துக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாள் கழித்து வந்த அக்கா பார்த்துப் பார்த்துச் செய்ததை நானே கலைப்பதா என்று தங்கை தன்னை அடக்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

*நறுக்கியதும் துணியால் ஈரத்தை ஒற்ற வேண்டும், இல்லையென்றால் தோகை சறுக்கும். கதைக்காக வீட்டில் செய்து பார்த்தேன். மயில் வாத்தாக வந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டாள்.

4.

முடிவு ஒன்று: தங்கை ஓடிவந்து ஒரு வில்லையைத் திருடுகிறாள், அக்கா விரலில் தட்டுகிறார். எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அடித்து நீக்கிவிட்டேன். லிஃப்டில் தோகை முழுசாக இருந்ததே.

முடிவு இரண்டு: அக்கா தன் வீட்டில் விளக்குகூடப் போடாமல், மயிலை அலகிலிருந்து ஒவ்வொன்றாக உப்பில் தொட்டு

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

5.

நடந்ததில் ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். லிஃப்டுக்கு நேர் எதிர் வாசலில் ஒருத்தி நின்றாள். அந்த அம்மாவின் அதே மூக்கு.

"பாத்துக் கொண்டு போக்கா, கலைஞ்சிடப் போகுது."

கண் தோகையிலேயே இருந்தது. அவள் சொல்ல நினைத்தது அது இல்லை என்று எனக்கே தெரிந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவையும் கட்டினேன். தோகையில் ஒரு வில்லை குறைந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. இல்லாமலே போயிருக்கலாம்.

"கீழ்த் தளம் அமுக்குங்க" என்கிறார் அக்கா.

இந்த முறை நான் அமுக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது, அவள் வாசலில் நிற்கிறாள், தட்டு எட்டும் தூரம்தான். பொத்தான் உங்கள் பக்கம் இருக்கிறது.