மூன்றாவது இடம்

லிஃப்ட் மெக்கானிக்குகள் நடுவே அவனுக்குக் ‘காது’ என்று பெயர். கதவில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டால் போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆளை மூளைக்காய்ச்சல் பதினெட்டு நாள் புரட்டி எடுத்தது. பிழைத்து எழுந்தான். காய்ச்சலுக்கு முந்தையது அத்தனையும் நினைவிருந்தது. பிறகு நடந்த எதுவும்தான் பத்து நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை.

டாக்டர் கட்டைகளை அடுக்கச் சொன்னார், புதிர் போட்டார். எல்லாவற்றையும் ஊதித் தள்ளினான். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, சராசரிக்கு மேலேயே இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவன் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் அவள். அறிவு இருந்தால் போதும், மறதிக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஏழாம் மாதம் அவனுடைய சூப்பர்வைசரிடம் போய், அவனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினாள். நல்ல மனுஷர். பட்டறையில் புதியவர்கள் பழகுவதற்கென்று நிறுத்தியிருந்த லிஃப்டில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்து, கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்றார். அவள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள்.

கதவு மூடியும் லிஃப்ட் நகரவில்லை. அவன் காதை வைத்தான். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

“மூணே இடம்தான். கதவு சுவிட்சு, ரிலே, இல்லன்னா பிரேக் காயில்.”

சுவிட்சைக் கழற்றிச் சோதித்தான். சரியாக இருந்தது. நோட்டில் ‘சுவிட்சு’ என்று எழுதி டிக் போட்டான். ரிலேயையும் பார்த்தான், டிக் போட்டான். மூன்றாவதைத் திறக்க ஸ்பேனரைத் தேடி எடுத்து வருவதற்குள் முதலில் பார்த்தது கரைந்துபோயிருந்தது. நின்றான். மறுபடி கதவில் காதை வைத்தான்.

“மூணே இடம்தான்” என்றான்.

அவள் நோட்டை நீட்டினாள். சுவிட்சும் ரிலேயும் பார்த்தாகிவிட்டது என்று காட்டினாள். அவன் வாங்கி நிதானமாகப் பார்த்தான்.

“என் கையெழுத்துதான். ஆனா எப்பப் போட்டேன்? நேத்தா, போன வாரமா? பார்த்தது எனக்கே ஞாபகம் இல்லன்னா பார்க்காத மாதிரிதான். இதை நம்பி ஆளை ஏத்தச் சொல்றியா?”

சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல மெக்கானிக் அப்படித்தான் சொல்லுவான்.

நான்காவது முறை சுவிட்சைக் கழற்றும்போது அவன் கை நின்றது. நோட்டில் வரிசையாக இருந்த டிக்குகளைப் பார்த்தான். வேலை நாளில் பட்டறையில் நிற்கும் மனைவியைப் பார்த்தான். கோளாறைப் பிடிப்பது போலவே இதையும் பிடித்துவிட்டான்.

“எனக்கு என்னமோ ஆயிருக்கு. மறைக்காம சொல்லு.”

சொன்னாள். அவன் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். எத்தனை மாதம், டாக்டர் என்ன சொன்னார், சரியாகுமா. கடைசியில், “இதுக்கு முன்னாடி உன்கிட்ட இதைக் கேட்டிருக்கேனா?” என்றான்.

“இல்லைங்க. இப்பதான் முதல் தடவை.”

தினம் இரண்டு மூன்று தடவை கேட்பவன்தான். தடவைக்குத் தடவை அந்த இடி புதிதாகவே இறங்கியது. அன்றும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். போய் முகம் கழுவிவிட்டு வந்தான். லிஃப்டைப் பார்த்ததும் உற்சாகமாகி, என்ன, லிஃப்ட் ஓடலையா, நான் பார்க்கட்டுமா என்று கேட்டபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். சூப்பர்வைசர் அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெல்ல வாங்கிக்கொண்டார்.

இனியும் அவனைப் பகலெல்லாம் தனியாக வீட்டில் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போக முடியாது. நகரின் மறுகோடியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று சாயங்காலம் அவனிடமே கேட்டாள். அவன் பொறுமையாக யோசித்தான். போகலாம், ஆனால் நீ வேலையை விடாதே, அண்ணியிடம் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடு, மாடி அறை வேண்டாம், கீழே கேள் என்றான். அவளுக்குத் தோன்றாத விஷயங்கள். ஏழு மாதமாகத் தனியாகச் சுமந்தவளுக்கு, அந்தக் கொஞ்ச நேரம் பாதி பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

அவள் குளித்துவிட்டு வந்தபோது, அவன் பாதி அடுக்கிய பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டான். முதலிலிருந்து சொன்னாள். மறுபடி யோசித்தான்.

“போக வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது. பழகின வீடுன்னா எது எங்க இருக்குன்னு கைக்காவது தெரியும். புது வீட்ல நான் ஒண்ணுமில்லாமப் போயிடுவேன்.”

அதுவும் நியாயம்தான். இரண்டில் எது அவன் முடிவு என்று கேட்டால், இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அவள் மிச்சச் சட்டைகளையும் மடித்து உள்ளே வைத்துப் பையை மூடினாள்.

திங்கட்கிழமை பஸ் ஏறினார்கள். எங்கே போகிறோம் என்று அவன் கேட்டான். மூன்று தடவை பதில் சொன்னாள். நாலாவது தடவை கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.