ஆமை அத்தான்

தெருமுனை பீட்ஸா கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களை நம்பியே நடக்கிற கடை அது. மேஜைமேல் துணிக்குப் பதிலாக வெள்ளைத்தாளை விரித்து, ஒரு டம்ளர் நிறைய வண்ணப் பென்சில் வைத்துவிடுவார்கள். குழந்தைகள் கிறுக்கிக்கொண்டிருக்கும், பெரியவர்கள் அடுப்புப் பக்கம் பார்த்துக் காத்திருப்பார்கள்.

தம்பிக்காரன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறு வந்தால் அக்கா குடும்பத்தோடு இந்தக் கடையில்தான் சாப்பாடு. வாய் ஓயாது அவனுக்கு. அவன் வந்தால் மேஜையே கலகலக்கும். சிரிக்க வைக்க அவனிடம் எப்போதும் கைவசம் ஒரு ஆள் இருந்தார்: அக்கா புருஷன்.

அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எதிலும் நிதானம். கல்யாணத்துக்கு முன்னால் முதல்முறையாக இதே கடையில் சந்தித்தபோது, என்ன சாப்பிடலாம் என்று அவர் முடிவு செய்வதற்குள் பரிமாறுகிற பெண் திரும்பத் திரும்ப வந்து போய்விட்டாள். "அக்கா, உனக்கு ஆமையைப் பிடிச்சிருக்காங்க" என்று தம்பிக்காரன் அன்றைக்கு முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் ஆமை அத்தான். வண்டி ஓட்டினால் ஆமை, சட்டை மாட்டினால் ஆமை, தும்மினால்கூட ஆமைத் தும்மல்.

"போதும்டா" என்று அக்கா ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அத்தானே சிரிக்கிறாரு, உனக்கென்ன?" என்பான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மூத்தது பெண், நாலாவது படிக்கிறாள். சின்னவன் இன்னும் உயர நாற்காலியில்தான் உட்காருகிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்குப் பள்ளிச் சுற்றுலாப் பேச்சுதான். மலையடிவாரத்துப் பூங்கா, யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் என்ன கொண்டுவருவது. அத்தான் சின்னவனுக்காகப் பீட்ஸாவைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அந்த பஸ்ஸை யார் ஓட்டப் போறா தெரியுமா?"

"யாருப்பா?"

"நான்தான். ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டேன்."

அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பெண்ணின் முகமோ சுருங்கிப் போயிற்று.

"ஐயோ அப்பா, நீங்க வேணாம். நீங்க ஓட்டினா நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள லீவே முடிஞ்சிடும். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிப்பாங்க. நீங்க ஆமைப்பா!"

தம்பிக்காரன் வாய் நிறைய பீட்ஸாவோடு பக்கென்று சிரித்துவிட்டான். பழக்கதோஷம். சிரித்த பிறகுதான் அத்தானைப் பார்த்தான். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கை மட்டும், கத்தியை மறுபடி எடுத்து, வெட்டின துண்டுகளையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தது.

"சரிம்மா, வேற ஆளை அனுப்பச் சொல்லிடறேன்" என்றார்.

தம்பிக்காரன் அவசரமாக விழுங்கினான். "ஏய், அப்பாவை அப்படிச் சொல்லலாமா?"

பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குறும்பெல்லாம் இல்லை, நிஜமான சந்தேகம். "நீங்கதானே மாமா சொல்வீங்க?"

அக்கா தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சின்னவனின் வாயைத் துடைத்துவிட்டு, எழுந்து கைகழுவப் போனாள்.

வெளியே வந்ததும் தம்பிக்காரன் அத்தானைத் தனியாக ஓரங்கட்டினான்.

"அத்தான், நான் விளையாட்டுக்குத்தான்..."

"தெரியும் மச்சான். நீங்க சொன்னப்பல்லாம் நானும் சேர்ந்து சிரிச்சேனே. இப்ப அவளை மட்டும் எப்படிக் கோவிச்சுக்கிறது?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணியிருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனான். பெண்ணை மாடிப்படியில் உட்கார வைத்து, "மாமா சொன்னது தப்பு. அத்தனை பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வேகமா ஓட்டினா நல்லாவா இருக்கும்? அப்பா மனசு நொந்திருக்கும்" என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்களே ஓட்டுங்கப்பா."

"மாத்திக் கொடுத்தாச்சேடா கண்ணு. இன்னொருத்தர் ஆசையா வாங்கிக்கிட்டாரு. திரும்பக் கேட்டா நல்லா இருக்காது" என்று அவள் தலையைத் தடவினார்.

சுற்றுலாவுக்கு வேறொரு டிரைவர்தான் போனார். அத்தான் அன்றைக்கு வழக்கம்போல் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார்.

அடுத்த ஞாயிறு அதே கடை. தம்பிக்காரன் பேச வாயெடுத்தால் பழைய கேலியே நுனிநாக்கில் வந்து நின்றது. அதை விட்டால் அத்தானோடு பேச வேறு எதுவுமே இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

பெண் ஒருத்திதான் பேசினாள். ஊஞ்சல், படகு, யாரோ வாந்தி எடுத்தது என்று ஒன்றுவிடாமல் கொட்டினாள். அத்தான் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேட்டுல ஏறி வளைஞ்சதும் இடது பக்கம் ஒரு ஏரி வருமே, பார்த்தியா? நாரையெல்லாம் கூட்டமா நிக்கும்."

"ஏரியா? இல்லையேப்பா. நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தின வாரமே போய் வழி பார்த்துட்டு வந்தேன். அங்க வண்டியை ஓரமா நிறுத்தி உங்களுக்கெல்லாம் காட்டலாம்னு இருந்தேன்" என்றார் அத்தான். "பரவாயில்லை. நீ சாப்பிடு, ஆறிடப் போகுது."

தம்பிக்காரன் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அந்த ஏரி எங்கே இருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.