காய வைத்த பாதம்

ராஜாத்தியின் வலது காலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றாமல் ஜமுனா செம்பைக் கீழே வைத்தாள்.

“இன்னாடி நின்னுட்ட? ஊத்து,” என்றாள் செவ்வந்தி.

வாசலில் பழம்புடவைகளைத் திரையாகக் கட்டி, பெண்கள் ராஜாத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜமுனாவின் கணவன் சகாதேவனுக்கு அவள் ஒரே தங்கை. வாக்கப்பட்ட இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டோடு வந்து தங்கியவள். நேற்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே கால் முழங்கால்வரை கறுத்திருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முன்னாலேயே. அந்த ஒரு வார்த்தை காலையிலிருந்து ஜமுனாவைப் பிடுங்கித் தின்றது.

மகள் மாலதி மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, பிள்ளை எழுந்துவிட்டால் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கே நடந்து வருகிறேன், வெறுங்காலோடு வருகிறேன் என்று கன்னியம்மாளிடம் வேண்டிக்கொண்டாள் ஜமுனா. மாலதி எழுந்தாள், பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். பிறகுதான் பாதத்தின் நினைப்பு வந்தது. ஏரித்தண்ணீரில் பொழுதெல்லாம் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவளின் பாதம் ஊறின இட்லி மாதிரி இருக்கும். அதை நம்பித் தார் ரோட்டில் இறங்கினால் மீஞ்சூர் போவதற்குள் தோல் கழன்றுவிடும்.

“அப்ப நீ தண்ணில எறங்காத அண்ணி. காலு காயட்டும். உன் எடத்துல நான் உக்காந்துக்கிறேன்,” என்றாள் ராஜாத்தி.

தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து துழாவும் பெண்களில் ஒருத்தி குறைந்தாலும் இறால் அந்தச் சந்தில் தப்பிவிடும். ஜமுனாவின் இடம் ஆழக்கோடி, வரிசையின் ஆழமான முனை. கரையோரமே பழகிய ராஜாத்தி அங்கே போய் உட்கார்ந்தாள். கூட இறால் பிடிக்கும் செவ்வந்தியும் காந்தாவும், பல்லில் கவ்விக்கொள்ளும் தங்கள் ஓலைப்பறிக் கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு பங்கை ஜமுனாவின் சட்டியில் கொட்டினார்கள். சாயங்காலமானால் காந்தா அவள் பாதத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தேய்த்துவிடுவாள். உச்சி வெயிலில் ரோட்டில் நடக்கவிட்டுக் கேலி பண்ணுவதும் உண்டு. “மகாராணி வராங்க, வழி விடுங்கோ!” என்று முன்னால் கூவிக்கொண்டு போவது ராஜாத்திதான். பெற்ற தாய்கூட இப்படிச் செய்வாளா என்று ஜமுனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஒரு நாள் ராஜாத்தி துணி சுற்றிய காலோடு நொண்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னா ஆச்சு?”

“சிப்பி கீறிச்சு அண்ணி. நீ உன் காலப் பாரு.”

சிப்பி கீறினால் அப்படி வீங்காது. ஏரியில் பிறந்து வளர்ந்த ஜமுனாவுக்கு அது தெரியாதா? துணியை அவிழ்த்துப் பார்த்திருந்தால், மறுநாள் ஆழக்கோடியில் அவளே இறங்கியிருக்க வேண்டும். காய்ந்த கால் மறுபடி ஊறும், நடை நின்றுபோகும். அதனால் அவிழ்க்கவில்லை. தன் பாதத்துக்குத்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், பாவி.

செவ்வந்தி செம்பை எடுத்து அந்தக் காலுக்குத் தானே ஊற்றினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கெளுத்தி மீன் முள்ளுடி. பட்ட அன்னிக்கு நான்தான் புடுங்கி எறிஞ்சேன். அண்ணியாண்ட சொல்லாத, நடைய நிறுத்திடும்னு என் தலமேல கைய வச்சு சத்தியம் வாங்கிட்டா. சொல்லியிருந்தா நீ பாத்திருப்ப இல்ல?”

ஜமுனாவுக்கு அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. நிமிர்ந்தபோது செவ்வந்தியின் உதட்டோரம் கண்ணில் பட்டது. தனக்கும் ஜமுனாவுக்குமாகச் சேர்த்துப் பிடித்த இறாலின் பாரத்தில், பறியைப் பல்லில் கவ்விக் கவ்விப் புண்ணாகியிருந்தது. எனக்கும் தெரியும்டி என்று சொல்ல வாயெடுத்தாள்.

“புடவ கொண்டாறேன்,” என்று எழுந்து உள்ளே போனாள்.

நடைக்கென்று கட்டிவைத்த பை ஆணியில் தொங்கியது. அவல், எலுமிச்சம்பழம், அடியில் ராஜாத்தியும் செவ்வந்தியும் காந்தாவும் சேர்ந்து எடுத்துக்கொடுத்த மஞ்சள் புடவை. அதை உருவினாள். சகாதேவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஆம்புலன்ஸ்ல கூட உன்னியேதான் கேட்டுச்சு,” என்றான். “அண்ணி நடைக்குக் கெளம்பிடுச்சான்னு. கெளம்பிடுச்சும்மான்னு சொன்னேன்.”

ஜமுனா புடவையோடு வெளியே வந்தபோது காந்தா திடுக்கிட்டாள்.

“அது உனக்கு வாங்குனதுடி.”

“அவளுக்கே கட்டுங்க.”

கட்டினார்கள். சாமிக்குப் புறப்பட்டவள் மாதிரி இருந்தாள் ராஜாத்தி.

உச்சிவேளையில் பாடை கிளம்பியது. தார் ரோடு தொடங்கும் திருப்பம்வரைதான் பெண்கள் வரலாம். ஆண்கள் பறையோடு சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள். ரோட்டில் கால் வைத்த பெண்கள் வெயில் பொறுக்காமல் தத்தித் தத்தி ஓரத்துப் புல்லுக்கு ஓடினார்கள். ஜமுனா மட்டும் நடு ரோட்டில் நின்று, மஞ்சள் புடவை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓரமா வாடி, காலு பொசுங்கிடும்—” என்று கூப்பிட்ட காந்தா, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜமுனா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். சுடவே இல்லை.