யார் முதலில் குளிப்பது

மூன்று நாளாகக் குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்றது. முதலில் கண்டுபிடித்தவள் ஏழு வயது மகள். "அம்மா, தண்ணி கடிக்குது" என்று விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்றே வாட்டர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு, அடுப்பில் வெந்நீர் போட ஆரம்பித்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் என் வீட்டுக்காரர் மசியவில்லை. போன வருடம் மிக்ஸியைப் பழுதுபார்க்க எடுத்துப்போனவன் உள்ளேயிருந்த நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிக் கொடுத்துவிட்டான் என்பது அவர் கட்சி. சாட்சி எதுவும் கிடையாது. சத்தம் மாறிவிட்டதாம், அவ்வளவுதான். அதிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் எவனைப் பார்த்தாலும் அவருக்குத் திருடனாகத் தெரியும், தன்னைத் தவிர.

விடுமுறை நாளாகப் பார்த்து மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். சோப்புத் தட்டில் போனைச் சாய்த்து வைத்து, அதில் யாரோ ஒருவன் பேசப் பேச, ஹீட்டரைத் திறந்து காயிலை உருவினார். உப்புப் படிந்து நடுவில் விரிசல் விட்டிருந்தது. "பாத்தியா, எல்லாம் இவன் பண்ற வேலை" என்று அதை எனக்கு ஆட்டிக் காட்டினார். கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்து மாட்டியும் முடித்தார். அதுவரை எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். ஒரு நாளைக்கு அறுநூறு காலரைத் திருப்பிப் பார்க்கிறவள். தைத்தவரிடம் போய்ச் சரியாகத் தைத்தாயா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஏணியடியில் கூட்டும்போது சாண் நீளத்துக்கு ஒரு பச்சை வயர் துடைப்பத்தில் சிக்கியது. ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவது பச்சைதான் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும்.

"இது எங்க மாட்டறதுங்க?"

"அது மிச்சம்."

"மிச்சம்னா?"

"நீளமா இருந்துச்சு, வெட்டினேன். மெயினப் போட்டு, டேப்பப் பிச்சு சுவிட்சும் போட்டு டெஸ்டர் வச்சுப் பாத்தாச்சு, எரியல. போதுமா?"

"டெஸ்டர் நல்லா இருக்கா?"

"டெஸ்டருக்கு ஒரு டெஸ்டர் வேணும்னா சொல்லு, வாங்கிட்டு வரேன்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுபடி சுவிட்சைப் போட்டார். இருபது நிமிடம் கழித்து, "நானே குளிச்சிட்டு வரேன், அப்பவாவது நம்பு" என்று துண்டோடு உள்ளே போனார். மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், "சூடு சும்மா பிச்சுக்கிட்டு வருது" என்றார்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெந்நீரில் குளித்தால் எங்கள் குளியலறைக் கண்ணாடியில் மூக்குகூடத் தெரியாது. இப்போது என் முகம் பரு உட்படத் துல்லியமாகத் தெரிந்தது. நேற்றே பிடித்து வைத்திருந்த பச்சைத்தண்ணீர் வாளி காலி. ஈரத்தைத் துடைக்கிற மாதிரி அவர் தோளைத் தொட்டேன். ஜில்லென்று புல்லரித்துப்போய் இருந்தது.

எதுவும் கேட்கவில்லை. "அப்ப பாப்பாவ அனுப்பட்டுமா?" என்றேன்.

தலை துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அவ கெடக்கட்டும். நீ மொதல்ல குளிச்சிடேன்."

பன்னிரண்டு வருடக் குடித்தனம். மகளை நிறுத்திவிட்டார், அது வரைக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் குழாயைத் திருக அவர் கை வரவில்லை, என் கையை அனுப்புகிறார். நான் எதையும் பார்த்துத்தான் தொடுவேன் என்கிற தைரியமா, இல்லை தோற்றுவிட்டேன் என்று என்னிடம் சொல்ல வெட்கமா? என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாலும் வலித்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் குழாய்ப் பக்கமே போகவில்லை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"தொறந்தியா?" என்றார் வெளியிலிருந்து.

சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடா வருதா?"

மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு.

"ஏய், காதுல விழுதா? பேசேன்."

ஐந்து. ஆறு. கதவு ஒருமுறை தட்டப்பட்டது. மகள், "என்னப்பா?" என்று கேட்பது தூரத்தில் கேட்டது. ஒன்பதில் அவர் என்னைக் கூப்பிட்ட குரல் அவருடையது மாதிரியே இல்லை. பதினொன்றில் வெளியே மெயினை இறக்கும் சத்தம் கேட்டது, சிவப்பு விளக்கு அணைந்தது.

அடுத்த நொடி கதவில் மோதினார். தாழ்ப்பாளின் மேல் ஆணி பாதி வெளியே வந்து நின்றது. அடுத்த மோதலில் இன்னும் கொஞ்சம் வந்தது. காய்ந்த கையைத் தாழ்ப்பாள்மேல் வைத்தபடி, நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.