ஒத்தொரினோ தோண்டிய விளக்குகள்

"ஜெபமாலை எல்லாப் பொணத்து கையிலயும்தான் இருக்கு அண்ணி. அண்ணன் கையில விளக்கு இருந்தாத்தான் அழகு" என்று சொல்லிக்கொண்டே கஸ்பாரே, பெட்டிக்குள் படுத்திருந்த அண்ணனின் விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தான்.

எர்சிலியா அவன் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இன்னொரு தடவை தொட்டுப் பாரு. உன்னையும் அதே பெட்டியில குறுக்கால படுக்க வச்சிடறேன்."

கஸ்பாரே கையை உதறிக்கொண்டு விளக்கை அலமாரியில் திரும்ப வைத்தான். கொழுந்தன் என்ற உறவை ஆண்டவன் எதற்காகப் படைத்தார் என்பது, கல்யாணமான நாளிலிருந்து எர்சிலியாவுக்கு விளங்கியதே இல்லை.

முன்னறையில் நீல சூட்டும் டையுமாக, உயிரோடிருந்தபோது ஒருநாளும் இல்லாத சுத்தத்தோடு ஒத்தொரினோ படுத்திருந்தார். தலைமாட்டில் அந்த அலமாரி. அதில் உள்ளங்கை அளவு மண் விளக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் டால்பின், ஒன்றில் தேர், ஒன்றில் கேடயம் பிடித்த வீரன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் அடுப்படியிலும் தொழுவத்திலும் ஏற்றிவைத்த ரோமர் காலத்து விளக்குகள். ஒத்தொரினோ தன் திராட்சைத் தோட்டத்தில் தோண்டி எடுத்தவை. மண்ணுக்கடியில் கிடைக்கிற பழம்பொருள் அத்தனையும் அரசாங்கச் சொத்து, எடுத்து வைத்துக்கொண்டால் திருட்டு. அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. சதுக்கத்துக் காபிக்கடைக்குள் அவர் நுழைந்தால் "வாங்க சக்கரவர்த்தி" என்று நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள்.

அந்தக் காபிக்கடைக் கூட்டாளிகள் எல்லோரும் இப்போது தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சூப்பும் பாஸ்தாவும் அடுப்படியை நிறைத்துக் கிடந்தன. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்கும்வரை.

இறங்கியவர் ஸ்டேஷன் அதிகாரி துல்லியோ. பின்னாலேயே, தோளில் பையும் கழுத்தில் பூதக்கண்ணாடியுமாக ஒரு இளம்பெண். மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து வந்திருக்கும் ஓர்னெல்லா என்று துல்லியோ முணுமுணுத்தார். பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எர்சிலியாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, என்னை மன்னிக்கணும். இத்தனை வருஷமா ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்? இந்த மனுஷன் ரெண்டு கண்ணுலயும் விரலை விட்டு ஆட்டிட்டாரே!" என்று கஸ்பாரேயைக் காட்டினார்.

விஷயம் இதுதான். ஊரில் யார் போனாலும் கறுப்புக் கரை போட்ட போஸ்டர் அடித்து சுவருக்குச் சுவர் ஒட்டுவார்கள். 'பாசமிகு கணவர், நல்ல உழைப்பாளி' என்று இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கஸ்பாரேவுக்கு அது போதவில்லை. 'நம் மண்ணைத் தோண்டி ரோமாபுரியின் விளக்குகளைத் தன் கையாலேயே மீட்டெடுத்த மாவீரர்' என்று எழுதி, விளக்கும் கையுமாக அண்ணன் சிரிக்கிற போட்டோவையும் போட்டிருந்தான். பசை மிச்சம் இருந்ததால் போலீஸ் ஸ்டேஷன் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தான்.

"நல்ல இடம் பாத்து ஒட்டினேன்" என்றான் கஸ்பாரே.

எர்சிலியா நகர்ந்து அலமாரியை மறைத்து நின்றாள். போலீசுக்குப் பயந்து அல்ல. ஜெயிலுக்கு ஒத்தொரினோ இனிமேல் போகப்போவதில்லை. அவள் பயந்தது அந்தப் பெண்ணின் பூதக்கண்ணாடிக்கு.

ஏனென்றால் அந்த விளக்குகளை மண்ணில் புதைத்தவள் அவள்தான்.

இந்த ஊரில் எவன் எங்கே தோண்டினாலும் ரோமாபுரி கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டியவனுக்கு முழுசாக ஒரு குளியலறை கிடைத்தது. உருளைக்கிழங்கு தோண்டியவளுக்கு வெண்கலக் கரண்டி. கீரை நட்ட பாதிரியாருக்குக்கூட, ரோமர்கள் உடம்பில் பூசிய எண்ணெயை வழித்தெடுக்கும் வளைகத்தி ஒன்று அகப்பட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒத்தொரினோ மட்டும் வருஷக்கணக்காகத் தோண்டித் தோண்டி சார்டின் மீன் டப்பாவும் சைக்கிள் பெடலுமாகக் கொண்டுவந்தார். காபிக்கடையில் அவருக்குத் 'தகர டப்பா' என்று பெயர் விழுந்தது. ஒரு அறுவடைக் காலத்தில் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சில்லை. தக்காளிக் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதற்கு மட்டும் வாய் திறந்தது.

எர்சிலியா பொறுத்துப் பார்த்தாள். அக்காவைப் பார்க்க நேப்பிள்ஸ் போனபோது சந்துக்கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற மண் விளக்கு ஒன்றை வாங்கினாள். அதன் மூக்கை உடைத்து, வினிகரில் ஊறவைத்து, காபிச் சக்கையைப் பூசி, கோழிக் கூண்டு எச்சத்தில் போட்டு வைத்து, கடைசியில் தோட்டத்து அத்திமரத்தடியில் புதைத்தாள். "அத்திமரத்துக்குத் தண்ணி பாய மாட்டேங்குது, கொஞ்சம் கொத்தி விடுங்க" என்றாள்.

முழங்கை வரை சேற்றோடு ஓடி வந்தார் மனுஷன். விளக்கை மேசையில் வைத்துவிட்டு, கல்யாணத்தன்றுகூடத் தூக்காதவர் அவளைத் தூக்கி அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. வருஷா வருஷம் திராட்சை பறித்து முடித்ததும் ஒரு விளக்கு.

இப்போது இந்தப் பெண் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "இது கடைச் சரக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவரோரம் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். சக்கரவர்த்தியைத் தகர டப்பாவாகத்தான் மண்ணுக்குள் இறக்க வேண்டியிருக்கும்.

துல்லியோ நல்ல மனுஷன். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே ஒரு வழி சொன்னார்.

"இதெல்லாம் சும்மா சந்தையில வாங்கின பொம்மைதானே அக்கா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் தொப்பியை மாட்டிக்கிட்டுப் போயிடறேன்."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்கிறார்! அறை முழுக்க அவள் வாயையே பார்த்தது.

"சந்தையில வாங்கினதா?" எர்சிலியா இடுப்பில் கை வைத்தாள். "என் வீட்டுக்காரரை என்னன்னு நெனச்சீங்க? ரிட்டயரான நாள்லேர்ந்து தோண்டின மனுஷன் அவரு. எல்லாம் திருட்டுப் பொருள்தான். அவர் திருடன்தான். பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அபாண்டமாப் பேசாதீங்க!"

"அப்படிச் சொல்லுங்க அண்ணி!" என்றான் கஸ்பாரே. சுவரோரத்தில் தலைகள் பெருமையாக ஆடின. துல்லியோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க வெளிச்சம் பத்தல. அடுப்படியில வச்சுப் பாக்கறேனே" என்றாள் ஓர்னெல்லா.

பாஸ்தாத் தட்டுகளை ஒதுக்கி, ஜன்னலோரம் விளக்குகளைப் பரப்பினாள். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "காபி" என்றாள். இன்னொன்று. "வினிகர்." மூன்றாவதை மோந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"கோழி" என்றாள் எர்சிலியா. கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் என் வேலைதான் கண்ணு. அவருக்குத் தெரியாது. பச்சப்புள்ளையாட்டம் நம்பிட்டாரு. வெளிய உக்காந்திருக்கானுங்களே, அவனுங்க முன்னாடி மட்டும் சொல்லிடாதே. சாயங்காலம் அடக்கம். அது வரைக்கும் அவர் திருடனாவே இருக்கட்டும்."

ஓர்னெல்லா பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தாள். விளக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். அடுத்ததையும் கவிழ்த்தாள். பிறகு எல்லாவற்றையும்.

"அம்மா, இதை அரம் வச்சுத் தேச்சது நீங்களா?"

"எதை?"

"அடியில பாருங்க. இந்த அச்சு எனக்கு நல்லாத் தெரியும். கடைக்காரன் எல்லா விளக்குக்கும் அடியில கடைப் பேரும் போன் நம்பரும் குத்தி விடுவான். இதுல ஒண்ணுலயும் இல்ல. யாரோ உக்காந்து தேச்சு எடுத்திருக்காங்க."

எர்சிலியா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. எங்கும் வழவழவென்று இழைத்திருந்தது. மூக்குடைந்த முதல் விளக்கில் மட்டும் அரம் தாறுமாறாக ஓடி, ஓரத்தில் ஒரு ஏழும் ஒரு மூன்றும் மிச்சம் இருந்தன.

அரம் அவர் பட்டறையில்தான் கிடந்தது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அதைப் பிடிக்கத் தெரியாது.

"முதல் விளக்குலயே அவருக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றாள் எர்சிலியா. ஓர்னெல்லா தலையசைத்தாள்.

எர்சிலியா அந்த ஏழையும் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்மா" என்றாள் ஓர்னெல்லா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்குகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்ற ஆரம்பித்தாள். "ஆனா எங்க ஆய்வுக்கூடத்துல வச்சுப் பாக்காம எதையும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அங்க வேலை ரொம்ப மெதுவாத்தான் நடக்கும்."

அவள் வெளியே வந்து துல்லியோவிடம், "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறோம். சோதிக்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். சுவரோரம் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். துல்லியோ அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுவில் நடந்தபோது, சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது அந்த ஊரில் மரியாதைக்குத் தட்டுவதைப் போலக் கை தட்டினார்கள். தெருவில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "அரசாங்கமே வந்து கொண்டு போகுதுடா!" என்று கஸ்பாரே ஊருக்கே கேட்கக் கத்தினான்.

எர்சிலியா பெட்டியருகே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து, அவர் காதோடு காதாக, "திருடா" என்றாள். "திருட்டுப் பயலே."

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து முதுகைத் தடவினாள். "அழுதுடுங்க அண்ணி, அடக்காதீங்க" என்று கஸ்பாரே கிராப்பா சாராயம் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினான். எர்சிலியா கைக்குட்டையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.